அண்ணன் முதலில் பார்க்க வேண்டிய பத்திரிகை

விஜயவாடா கவர்னர்பேட்டையில் எங்கள் அச்சகத் தெருவுக்குள் வந்து ஹைமவதி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'கார்டு ஹைமா' என்று கேட்க வேண்டும். உடனே நாலு கடைக்காரர்கள் கை காட்டுவார்கள், அதில் ஒருவர் வேலையைப் போட்டுவிட்டுப் படிக்கட்டு வரைக்கும் கூட வருவார். மஸ்தான் பாயின் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. ஏ.சி. உண்டு. அது ஓடுவதும் ஓடாததும் அதன் இஷ்டம்.

கிருஷ்ணா, குண்டூர் இரண்டு ஜில்லாவிலும் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் பத்திரிகையில் இருக்கும் படம் அநேகமாக ஹைமாவின் கையிலிருந்து வந்ததாக இருக்கும். தாளில் தூரிகையால் வரைந்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீழே மஸ்தான் பாயிடம் அனுப்புவாள். பத்திரிகையின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். வரைந்தவள் பெயர் எங்கேயும் இருக்காது. கல்யாணம் முடிந்த மறுநாள் அந்தப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவார்கள். பிள்ளையாரைக் கத்தரித்துக் குழந்தையின் பாடப் புத்தகத்தில் ஒட்டுவார்கள். மாதக்கணக்கில் கண் வலிக்க வரைந்ததற்கு இந்த மரியாதைதான். நாற்பது வயதை நெருங்குகிற ஒரு பெண்ணுக்கு இது உள்ளே அரிக்காமல் இருக்குமா? ஹைமாவை நன்றாகவே அரித்தது.

இதிலே இன்னொரு கொடுமை. பெரிய வீடுகள் எல்லாம் ஒரே நிபந்தனை போடும்: வெளியே காட்டக்கூடாது. கண் பட்டுவிடும், சம்பந்தி வீட்டுக்கு முன்பே தெரிந்துவிடும், எதிர்வீட்டுக்காரன் அதே மாதிரி அடித்துவிடுவான் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆகவே அவள் செய்த நல்ல வேலையெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு செய்தவை. தைரியமாக நாலு பேருக்குக் காட்டக்கூடியதெல்லாம் சத்யநாராயண விரதத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் செய்த சுமாரான சரக்கு.

அந்தச் சமயத்தில்தான் ஹைதராபாதிலிருந்து லாஸ்யா என்ற பெண் கூப்பிட்டாள். ஜூப்ளி ஹில்ஸில் கல்யாணங்களுக்கு மட்டுமே வேலை செய்யும் பெரிய டிசைன் கம்பெனி நடத்துகிறாள். தலைமை ஓவியராக ஒருவரைத் தேடுகிறாளாம். அங்கே பத்திரிகை அடித்தால் வரைந்தவர் பெயரையும் போடுவார்களாம். அதைக் கேட்டதும் ஹைமா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"உங்க வேலையெல்லாம் சேர்த்து ஒரு போர்ட்ஃபோலியோவா அனுப்புங்க ஹைமா காரு," என்றாள் லாஸ்யா, எங்கள் பக்கத்து மரியாதை ஒட்டோடு.

ஹைமா காட்டக்கூடியதை மட்டும் சேர்த்து அனுப்பினாள். மறுநாளே போன் வந்தது.

"இவ்வளவுதானா? இத்தனை வருஷத்துல?" குரலில் கேலி இல்லை, உண்மையான ஆச்சரியம். அதுதான் அதிகம் வலித்தது. "நீங்க பெரிய கைன்னு சொன்னாங்களே. விரதக் கார்டு நாலு இருக்கு. வேற எதுவும் இல்லையா?"

"இருக்கு. ஆனா…"

"ஆனா என்ன? பேரை மறைச்சிட்டு அனுப்புங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

போனை வைத்துவிட்டு ஹைமா மேஜை இழுப்பறையைப் பார்த்தாள். அதற்குள் சுபத்ராம்மாவின் வீட்டுப் படம் இருந்தது.

சுபத்ராம்மா குண்டூர் மிளகாய் வியாபாரக் குடும்பத்து மருமகள். மகள் யாமினிக்குக் கல்யாணம். மற்றவர்களைப் போலப் பத்து பழைய கார்டைக் கொண்டுவந்து 'இதுல பிள்ளையார், அதுல பார்டர்' என்று கேட்கவில்லை. வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்பினாள், ஒன்றின் பின் ஒன்றாக, நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஹைமா, எங்க ஊர்ல வெள்ளம் வந்தப்போ நான் சின்னப் பிள்ளை. அன்னய்யா என்னைத் தோள்ல ஏத்திக்கிட்டுக் கழுத்தளவு தண்ணியில நின்னாரு. சுத்திலும் தண்ணி. எங்க கிணத்துத் தூண் ரெண்டும் மட்டும் வெளியில தெரியுது, அதுல ஒண்ணு சாஞ்சிருக்கும். அவருக்கே அப்ப மீசை முளைக்கல. 'கீழ பாக்காதே, கொக்கைப் பாரு, கொக்கைப் பாரு'ன்னு சொல்லிக்கிட்டே நின்னாரு. அந்த மனுஷன்கிட்டதான் நான் கிணத்தடி நிலத்துக்காகப் பஞ்சாயத்துல நின்னு வாயில வந்ததெல்லாம் பேசினேன். பன்னெண்டு வருஷமாச்சு. அவரு இல்லாம என் பொண்ணை யாரு கூடையில தூக்கிட்டு வருவா?"

எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணை மூங்கில் கூடையில் உட்காரவைத்துத் தாய்மாமன் மணவறைக்குத் தூக்கி வர வேண்டும். தாய்மாமன் இருந்தும் வரவில்லை என்றால், அந்த மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் கூடையைத்தான் பார்ப்பார்கள், பெண்ணைப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தாய்மாமனைக் கூப்பிடுவதற்கும் முறை உண்டு. மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை சாமிக்கு. அடுத்தது தாய்மாமன் வீட்டுக்கு, புது வேட்டி, பழம், குங்குமத்தோடு. பொட்டு வைத்து அழைக்கவில்லை என்றால் கூடப்பிறந்தவனாக இருந்தாலும் வரமாட்டான்.

கல்யாணப் பத்திரிகையில் வெள்ளத்தை வரைய முடியாது. ஹைமா நாள்கணக்கில் யோசித்து, தண்ணீர் முழுக்கத் தாமரை பரப்பினாள். பார்க்கிறவர்களுக்கு அது அழகான தாமரைக் குளம். ஒரு பையன் தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு பூப்பறிக்கிறான், பக்கத்தில் கிணறு, மேலே கொக்கு. வரைந்தவளையும் வரையச் சொன்னவளையும் தவிர, அது குளமில்லை என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். படத்தைப் பார்த்து சுபத்ராம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் ஹைமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தசமி அன்னைக்கு நானே தெனாலிக்குப் போய் அவர் கையில கொடுப்பேன். அதுவரைக்கும் வேற ஒரு கண்ணு இதைப் பார்க்கக் கூடாது. அவர் பார்க்கணும், அப்புறம்தான் ஊர் பார்க்கணும். அவரு இதைப் பார்த்தா நான் வாயைத் திறந்து மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல. எனக்கு அது வராது ஹைமா."

"சத்தியமா அம்மா," என்றாள் ஹைமா.

அந்தச் சத்தியத்தை அவள் மீறவேண்டும் என்று நினைக்கவில்லை. அதுதான் வேடிக்கை. பத்திரிகைத் தொழிலில் ரகசியம் என்றால் என்ன? மணமக்கள் பெயர், வீட்டுப்பெயர், முகூர்த்தம், மண்டபம். இத்தனை வருஷமாக அவள் காப்பாற்றி வந்தது அவற்றைத்தான். ஆகவே எழுத்துகள் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்தாள். பார்டரின் நிறத்தைக்கூட மாற்றினாள். மிச்சம் இருந்தது படம் மட்டும். படம் தன்னுடையது என்று நினைத்தாள். அதை லாஸ்யாவுக்கு அனுப்பினாள். பதில் கால் மணி நேரத்தில் வந்தது: 'இதைத்தான் கேட்டேன்!' கூடவே நிறைய இதயங்கள்.

தசமிக்கு முந்தின நாள் காலை, இட்லியில் காரப்பொடியைக் குழைத்துக்கொண்டிருந்தபோது படியில் யாரோ மூச்சிரைக்க ஏறி வரும் சத்தம் கேட்டது. மஸ்தான் பாய். முழங்கால் வலி என்று வருஷக்கணக்கில் மாடி ஏறாத மனுஷன்.

"ஹைமா காரு, உங்க கிணறு என் போன்ல இருக்கு."

"என்ன பாய்?"

"என் மச்சான் தெனாலியில பழைய மோட்டார் வியாபாரம் பண்றானே, அவங்க ஊர் குரூப்ல வந்திருக்கு. பாருங்க."

தாமரைக் குளம். சாய்ந்த தூண். பையனின் தோளில் தங்கை. பெயர் எதுவும் இல்லை. தேவையும் இல்லை, அந்தச் சாய்ந்த தூணை அந்த ஊரில் பிறந்தவன் ஒவ்வொருவனும் சின்ன வயதில் ஏறிக் குதித்திருக்கிறான். கீழே யாரோ எழுதியிருந்தான்: 'நம்ம கோட்டய்யா மாமா கிணறுதானே இது? தங்கச்சி அவரைச் சுமை தூக்க வச்சிட்டாங்க போலிருக்கே!' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

ஹைமாவின் கையில் இருந்த இட்லித் துண்டு தட்டில் விழுந்தது. விடிந்தால் சுபத்ராம்மா தெனாலிக்குக் கிளம்புவாள், அண்ணனின் கண் முதலில் படவேண்டிய பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு.

"நான் அச்சடிச்சதுல ஒண்ணுகூட வெளியில போகல, அல்லா மேல ஆணை," என்றார் மஸ்தான் பாய். "ஆனா அந்தம்மா முதல்ல என்னைத்தானே கேப்பாங்க?"

"நீங்க இல்ல பாய். நான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹைமா லாஸ்யாவைக் கூப்பிட்டாள்.

"அதுவா? தெனாலிக்காரங்க ஒருத்தங்க சாம்பிள் கேட்டாங்க, அனுப்பினேன். ரொம்பப் பிடிச்சிருக்காம். ஏன், பேர்தான் இல்லையே?"

"நான் உங்களுக்குத்தானே அனுப்பினேன் லாஸ்யா காரு? உங்களுக்கு மட்டும்?"

"நீங்க எங்களுக்கு அனுப்பினீங்க, நாங்க ஒருத்தருக்கு அனுப்பினோம். நீங்க யாரைக் கேட்டுட்டு அனுப்பினீங்க?"

அந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு ஹைமா கெஞ்சினாள்.

"அதை எடுத்துடுங்க. தயவுசெஞ்சு. எல்லா இடத்துலருந்தும்."

"ஹைமா காரு, ஒவ்வொரு கஸ்டமருக்கும் இப்படிப் பதறினா இங்க எப்படி வேலை பார்ப்பீங்க?" லாஸ்யா சலித்துக்கொண்டாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த நம்பரிலிருந்து பிறகு போன் வரவே இல்லை.

மஸ்தான் பாய் தாடியைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. பேசாம இருக்கலாம். பெரியவர் போன் பார்க்கிற ஆளா இல்லாமக்கூட இருக்கலாம்."

அந்த வழி ஹைமாவுக்கும் தோன்றாமல் இல்லை. ஒரு நிமிஷம், நன்றாகவே ஆசை காட்டியது. ஆனால் சுபத்ராம்மா பழத்தட்டோடு போய் நிற்பதும், அந்த வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே சிரித்து முடித்திருப்பதும் கண்ணில் வந்து நின்றது. தட்டைக் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ரோகிணி கார்த்தி, மே கடைசியின் உச்ச வெயில். தெனாலி போகும் ரயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. பாலத்தின் கீழே கிருஷ்ணா நதி மணலாகக் கிடந்தது. ஹைமா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுபத்ராம்மாவின் குரல் செய்திகளை முதலிலிருந்து கேட்டாள். கொக்கைப் பாரு, கொக்கைப் பாரு. அண்ணன் இதைக் கேட்டால் போதும், கல்லும் கரையும் என்று தோன்றியது. துக்கிராலா ஸ்டேஷன் வருவதற்குள் அவள் மனதில் ஒரு திட்டம் உருவாகிவிட்டது: பேச வேண்டாம், இதைப் போட்டுக் காட்டிவிடலாம்.

சுபத்ராம்மாவின் அண்ணன் கோட்டய்யாவின் பருப்பு மில் கால்வாய் ஓரத்தில் இருந்தது. அறுபது வயதுக்காரர், நிமிர்ந்த முதுகு, பனியனும் வேட்டியும், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. மில் மோட்டார் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"யாரும்மா நீ?"

"விஜயவாடாலருந்து வர்றேங்க. கல்யாணக் கார்டு வரையறவ."

அவர் மேஜையிலிருந்து போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இந்தக் கார்டா?"

போன் பார்க்கிற ஆள்தான்.

"என் தங்கச்சி தூது அனுப்பிச்சாளா?"

"அவங்களுக்கு நான் வந்தது தெரியாது."

"தெரியாதாம்!" கோட்டய்யா சிரித்தார், சந்தோஷம் இல்லாத சிரிப்பு. "தசமிக்கு அவ வர்றாளாம்னு காதுல விழுந்ததுலருந்து என் வீட்டுக்காரி வெள்ளித் தட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கா. வாசல்ல சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். இன்னைக்குக் காலையில டீ குடிக்கப் போனா, 'என்ன மாமா, தங்கச்சி தாமரைக் குளத்துல கூலி வேலை போட்டுக் கொடுத்திருக்காங்களாமே, தலைக்கு எவ்வளவு?'ங்கறான். என் முன்னால மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்ச பய. நான் 'என்னடா'ன்னு கேட்டா, அவன் போனை எடுத்து எனக்குக் காட்டறான். ஊர் பூரா பார்த்து முடிச்சாச்சு. கடைசியா நான். தாய்மாமனுக்கு ஊர் தின்ன எச்சில்."

"அது அவங்க பண்ணல. எச்சில் பண்ணது நான்தான்."

"நீயா?"

ஹைமா சொன்னாள். ஹைதராபாத் வேலை, போர்ட்ஃபோலியோ, பெயரைத் துடைத்தது, அனுப்பியது. மோட்டார் சத்தத்தின் மேல் கத்திக் கத்தித் தன் குற்றத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் கோணி ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

கோட்டய்யா தலையை ஆட்டினார். "நல்லா சொல்லிக் கொடுத்திருக்கா. சின்னதுலருந்தே அவ அப்படித்தான். கண்ணாடியை உடைச்சிட்டுப் பழியைப் பூனை மேல போடுவா. இப்ப நீ பூனை."

"இல்லீங்க…"

"சரி, ஒண்ணு கேக்கறேன். அதுல இருக்கே தண்ணி, அது என்ன தண்ணி?"

ஹைமா குனிந்து தன் போனைப் பார்த்தாள்.

"தெரியாதில்ல? குளம்னு நெனைச்சே. அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பா, அழகா இருக்கும், போடுன்னு. அவளுக்கு அது மறந்தே போயிருக்கும். நாளைக்கு வரட்டும், கேட்டுக்கு வெளியிலயே நிக்கட்டும். படத்துல ஒருத்தன் நிக்கறானே, கூடையையும் அவனையே தூக்கச் சொல்லு."

ஹைமாவின் கையில் போன் இருந்தது. கட்டைவிரல் குரல் செய்தியின் மேலேயே இருந்தது. லேசாக அழுத்தினால் போதும். மறக்கவில்லை என்று அந்தத் தங்கையே சொல்வாள், அழுதுகொண்டே சொல்வாள். ரயிலில் போட்ட திட்டம் அதுதானே. ஆனால் கோணி ஊசியோடு பெண்கள் காத்திருந்தார்கள். 'எனக்கு அது வராது ஹைமா' என்று சொன்னவளின் அழுகையை இத்தனை பேர் நடுவில் கேட்கவைக்க வேண்டும். அவள் அனுமதித்தாளா? யாரைக் கேட்டுட்டு அனுப்பினீங்க என்று லாஸ்யா காலையில் கேட்டது மறுபடியும் காதில் விழுந்தது. ஹைமா போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"அது என்ன தண்ணின்னு எனக்குத் தெரியும். அவங்க சொன்னாங்க. அவங்க குரல் இதுக்குள்ள இருக்கு. கேட்டீங்கன்னா இங்கேயே எல்லாம் சரியாயிடும்னு நெனைக்கிறேன். ஆனா போட மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை எனக்குச் சொந்தமில்லாததை எடுத்துக் கொடுத்துட்டேன். மறுபடியும் அதையே செய்ய மாட்டேங்க."

சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே சுபத்ராம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் ஹைமா… இல்ல, கார்டு நல்லாத்தான் வந்திருக்கு… அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மே மாதத்தில் அது சகஜம். மோட்டார் முனகிக்கொண்டே நின்றது, மில் முழுக்க ஒரே அமைதி. ஹைமா மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள், இந்தத் தடவை கத்தாமல். முடித்ததும் மறுமுனையில் வெடித்தது. ஸ்பீக்கரைப் போடாமலே அந்தக் குரல் போனை மீறி வெளியே வந்தது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. திட்டு, நடுவில் விக்கல், மறுபடி திட்டு, பிறகு அழுகை மட்டும், சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி இழுத்து இழுத்து.

கோட்டய்யா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார். பன்னிரண்டு வருஷமாக அவர் கேட்காத குரல்.

"ஆமாம்மா… தெரியும்மா… நான் இப்ப தெனாலியிலதான் இருக்கேன். உங்க அன்னய்யா மில்லுல. என் எதிர்லதான் நிக்கறாரு."

அழுகை பட்டென்று நின்றது. மறுமுனையில் மூச்சு மட்டும். ஹைமா போனை அவர் பக்கமாக நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை. அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு லைன் துண்டித்தது.

கோட்டய்யா பானையிலிருந்து மோர் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"வெயில்ல வந்திருக்கே. குடிச்சிட்டுக் கிளம்பு," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வழி முழுக்க யோசித்தும் ஹைமாவுக்குப் புரியவில்லை.

மறுநாள் தசமி. சுபத்ராம்மா போனாளா? எந்தச் செய்தியும் இல்லை. அதற்கு அடுத்த நாள் குண்டூரிலிருந்து ஒரு ஆள் வந்து கீழே மஸ்தான் பாயிடம் பேசினான். படம் வேண்டாமாம், வெறும் மஞ்சள் நிறத்தில் பிள்ளையார் போட்ட சாதாரணக் கார்டு போதுமாம். தாமரைக் குளக் கட்டுகள் எல்லாவற்றையும் வெட்டிப் போடச் சொன்னார்களாம். புதிய கார்டின் செலவு தன்னுடையது என்று ஹைமா பாயிடம் சொல்லிவிட்டாள். வெட்டும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றாள். கத்தி இறங்கும்போதெல்லாம் கொக்கு ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம் போய் விழுந்தது. அவள் வாழ்க்கையில் வரைந்த மிக நல்ல படம் அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பாய் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் மச்சானைக் கேக்கட்டுமா? அந்தம்மா தெனாலிக்குப் போனாங்களா, பெரியவர் என்ன சொன்னாருன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

"கேக்காதீங்க பாய்."

"உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரியணும்தான். அதுக்காகத் தூக்கமே வரல. ஆனா கேக்காதீங்க."

கல்யாண நாள் வந்தது, போனது. ஹைமாவுக்கு அழைப்பு இல்லை. அன்று முழுக்க ஒரு காதுகுத்து விழாவுக்கு மயில் வரைந்துகொண்டிருந்தாள். முகூர்த்த நேரத்தில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள், அவ்வளவுதான். கூடையை வேறு யாரோ ஒருவன் தூக்கி வருவதும், கூட்டம் காதோடு காதாகப் பேசுவதும்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

ஒரு வாரம் கழித்துப் படியில் மறுபடியும் மூச்சிரைப்பு. மஸ்தான் பாய் என்று நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கோட்டய்யா வந்து நின்றார். கூடவே வலி தைலத்தின் நெடி அறை முழுக்க நிறைந்தது.

"அந்தப் படம் எங்க? கையால வரைஞ்சது."

ஹைமா இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏ.சி. அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஒழுங்காக ஓடியது.

"தண்ணியை நல்லா மறைச்சிருக்கே," என்றார் கடைசியில். "இது எனக்கு வேணும். இதுக்கு இன்னொரு பிரதி இருக்கா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு."

"அழிச்சிடு."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தாள். ஹைதராபாதுக்கு அனுப்பியதை அழித்தாள். சுபத்ராம்மாவின் குரல் செய்திகளையும் அவர் சொல்லாமலே ஒவ்வொன்றாக அழித்தாள். இனி யாராவது போர்ட்ஃபோலியோ கேட்டால் விரதக் கார்டு நாலுதான் மிச்சம்.

கோட்டய்யா படத்தின் நாலு மூலையையும் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துத் தேடினார்.

"உன் பேர் எங்கம்மா?"

"எங்க வேலையில பேர் போடறதில்லீங்க."

"எழுது." படத்தைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். "பின்னால எழுது. சுவர்ப் பக்கமா இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆனா இருக்கட்டும்."

ஹைமா எழுதினாள். ஆயிரம் பத்திரிகை வரைந்த கை, தன் பெயரின் முதல் எழுத்தைக் கோணலாகப் போட்டது. மை காயும்வரை இருவரும் நின்றார்கள். அவர் படத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டும்போது அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, கூடை…"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அது எங்க வீட்டு விஷயம்மா. வெளியில சொல்றதில்ல."

சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலாக, பக்கவாட்டில் இறங்கிப் போனார். அவர் சொல்லாததை அந்த இடுப்பு சொல்லிவிட்டது; ஹைமாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தைல நெடி அறையிலேயே நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவள் ஜன்னலைத் திறக்கவில்லை.